‘இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது’: வாசகர் கேள்விகள்

ஆலயத்தின் அழிவையும் தம் வருகையையும் பற்றி இயேசு பேசுகிற மத்தேயு 24-ஐப் போன இதழில் தொட்டதும் தொட்டேன், கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிக் கடிதங்களில் கேள்வி ஒன்றுதான். கோபம்தான் வேறு வேறு. ‘எங்கள் சபையில் இப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லையே’ என்று சிலர். ‘இதையெல்லாம் ஏன் கிளறுகிறீர்கள்’ என்று சிலர். நீங்கள் கேட்டிருக்கும் வசனங்கள் எல்லாம் சுவிசேஷத்தில் இருப்பவை, நான் கொண்டுவந்து வைத்தவை அல்ல. கிளறாமல் விட்டால் நம்மைவிட நம்மைக் கேலி செய்கிறவர்கள்தான் அவற்றை நன்றாகப் படித்திருப்பார்கள். முதல் கேள்வியே அதற்குச் சாட்சி.

கேள்வி (கல்லூரி மாணவர்): ஐயா, என் அறை நண்பனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. மத்தேயு 24:34-ஐ எனக்கே வாசித்துக் காட்டினான்: “இவைகளெல்லாம் சம்பவிக்கும் முன்னே இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது.” ‘அந்தத் தலைமுறை செத்து மண்ணாகி இரண்டாயிரம் வருஷம் ஆகப்போகிறது, உங்கள் இயேசு சொன்னது பலிக்கவில்லையே’ என்கிறான். என்ன பதில் சொல்வது?

தம்பி, முதலில் உங்கள் நண்பருக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். வசனம் சொல்கிறதை அப்படியே வாசித்திருக்கிறார். நம்மவர்கள் பலர் அதைச் செய்வதில்லை. ‘சந்ததி என்றால் யூத இனம்’ என்பார்கள். ‘விசுவாசிகளின் சந்ததி’ என்று 4-ம் நூற்றாண்டின் பெரிய பிரசங்கியார் கிறிசோஸ்தோமே பிரசங்கித்திருக்கிறார். பெரியவர்கள்தான், ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. ஓர் அதிகாரம் முன்னே போய்ப் பாருங்கள். பரிசேயரைக் கடிந்துகொண்ட கையோடு, “இவைகளெல்லாம் இந்தச் சந்ததியின்மேல் வரும்” என்கிறார் இயேசு (23:36). அங்கே எல்லாருக்கும் அது எதிரே நின்ற ஜனங்கள்தான். அடுத்த அதிகாரத்துக்கு வந்ததும் அர்த்தத்தை மாற்றிக்கொள்வது நியாயமா?

சரி, அந்தத் தலைமுறைக்குள் நடக்கப்போவது என்ன? அதிகாரத்தின் தொடக்கத்துக்குப் போவோம். சீஷர்கள் ஆலயக் கட்டடங்களைக் காட்டுகிறார்கள். யோவான் 2:20-ன்படி 46 வருஷமாகக் கட்டப்பட்டுவந்த ஆலயம் அது. ‘ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது’ என்கிறார் ஆண்டவர். அவர்களுக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. இவை எப்போது நடக்கும், அதற்கு அடையாளம் என்ன என்று கேட்டதாக மாற்கும் லூக்காவும் எழுதி நிறுத்திக்கொள்கிறார்கள். மத்தேயுவில் மட்டும் வருகையும் உலகத்தின் முடிவும் அதே மூச்சில் சேர்ந்துகொள்கின்றன. ஆலயம் விழுந்தால் உலகமும் முடிந்தது என்பதுதான் அவர்கள் நினைப்பு. கேள்வி அப்படிப் பின்னிக்கிடந்ததால் பதிலும் பின்னிக்கொண்டு வருகிறது.

என் வேதபாட வகுப்பில் இந்தப் பின்னலைப் பிரிக்க ஆளுக்கொரு சிவப்புப் பென்சில் கொடுப்பேன். ‘எப்போது என்பதைத் தேடாதீர்கள். இதைச் செய், இதைச் செய்யாதே என்று ஆண்டவர் சொல்கிற இடங்களை மட்டும் கோடிடுங்கள்’ என்பேன். கோடிட்டு முடித்ததும் பக்கம் வேறு மாதிரித் தெரியும். யூதேயாவில் இருக்கிறவர்கள் மலைகளுக்கு ஓடட்டும். வீட்டின்மேல் இருக்கிறவன் எதையும் எடுக்க இறங்க வேண்டாம். வயலில் இருக்கிறவன் வஸ்திரத்துக்காகத் திரும்ப வேண்டாம். ஓடுவது மாரிகாலத்திலோ ஓய்வுநாளிலோ நேரிடாதபடி வேண்டிக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டளைகளை உலகத்தின் கடைசி நாளில் வைத்துப் பாருங்கள். வானமும் பூமியும் ஒழிந்துபோகிற அன்று எந்த மலைக்கு ஓடுவது? அன்று மாரியானால் என்ன, கோடையானால் என்ன? இப்போது அவற்றையே ஒரு படை ஊரை வளைக்க வருகிற நாளில் வையுங்கள். ஒவ்வொரு சொல்லும் உயிரைக் காக்கும். மாரியில் யோர்தான் பக்கத்து ஓடைகளில் வெள்ளம் புரளும், கைக்குழந்தையோடு கடக்க முடியாது. ஓய்வுநாளில் ஊர்க்கதவுகள் சாத்தியிருக்கலாம், உதவிக்கும் ஆள் கிடைக்காது. மாடியிலிருந்து வெளிப்படி வழியே இறங்கி ஓட வேண்டியவன் உள்ளே போய் மூட்டை கட்டினால் தொலைந்தான். “கர்ப்பவதிகளுக்கும் பால்கொடுக்கிறவர்களுக்கும் ஐயோ” என்பது சாபம் அல்ல. ஓட முடியாதவர்களை நினைத்து ஆண்டவர் படுகிற துக்கம்.

அப்படி ஒரு நாள் வந்தது. கி.பி. 66-ல் யூதேயா ரோமுக்கு எதிராகக் கிளம்பியது. சீரியாவின் ஆளுநர் செஸ்டியஸ் காலஸ் படையோடு எருசலேம்வரை வந்து, ஊரைப் பிடிக்காமலே பின்வாங்கினார். கி.பி. 70-ல் பஸ்காவுக்குக் கூட்டம் கூடியிருந்த சமயத்தில் ரோமத் தளபதி தீத்துவின் படை வந்து வளைத்தது. உள்ளே பஞ்சம், போதாததற்குத் தங்களுக்குள்ளேயே வெட்டுக்குத்து. ஒரு போர்வீரன் எரிகிற கட்டையை ஆலயத்தின் ஜன்னல் வழியே எறிந்ததையும் தீ பிடித்ததையும், ரோமர் பாளயத்திலிருந்த யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதிவைத்திருக்கிறார். அது ஆகஸ்ட் மாதம். சிலுவை மரணம் கி.பி. 30 அல்லது 33 என்பார்கள். எப்படிக் கூட்டினாலும் 40 வருஷத்துக்கு மேல் போகாது. ஒலிவமலையில் இளைஞராக உட்கார்ந்து கேட்டவர் நரைத்த தலையோடு இதைக் கேள்விப்பட்டிருக்க முடியும். யுத்தத்துக்கு முன்பே எருசலேம் சபையார் யோர்தானுக்கு அப்பால் பெல்லா என்ற பட்டணத்துக்குப் போய்விட்டார்கள் என்று 4-ம் நூற்றாண்டில் சபை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதுகிறார்.

ஆகவே தம்பி, பலிக்கவில்லை என்று நண்பர் எடுத்துக்காட்டிய வசனம்தான் வரலாற்றில் தேதி போட்டுக் காட்டக்கூடியபடி பலித்திருக்கிறது. அதற்காக அவர் விட்டுவிட மாட்டார். ‘அப்படியானால் 29-ம் வசனம்?’ என்பார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்.

கேள்வி (ஓர் ஆசிரியை): “அந்நாட்களின் உபத்திரவம் முடிந்தவுடனே” சூரியன் அந்தகாரப்படும், நட்சத்திரங்கள் விழும் என்கிறதே. நான் அறிவியல் பாடம் எடுப்பவள். ஒரு நட்சத்திரம் பக்கத்தில் வந்தாலே பூமி மிஞ்சாது. கி.பி. 70-ல் அப்படி எதுவும் நடக்கவில்லையே?

நடக்கவில்லை அம்மா. ஆனால் ஏசாயா 13-ஐ எடுங்கள். வானத்தின் நட்சத்திரங்கள் ஒளிகொடாது, சூரியன் உதிக்கையில் இருண்டுபோகும், சந்திரன் ஒளிகொடாது என்று அங்கேயும் இருக்கிறது. அது யாரைப் பற்றி? அதிகாரத்தின் தலைப்பிலேயே இருக்கிறது, பாபிலோன். பாபிலோன் கி.மு. 539-ல் பெர்சியரிடம் விழுந்தது. மறுநாளும் சூரியன் உதித்தது. எசேக்கியேல் 32 எகிப்துக்கு இதையே சொல்கிறது. ஏசாயா 34 ஏதோமுக்குச் சொல்கிறது. ஒரு ராஜ்யம் சரிகிறபோது தீர்க்கதரிசிகள் பேசுகிற பேச்சு இது. நாமும் ‘மகன் போனதும் அவளுக்கு உலகமே இருண்டுபோனது’ என்கிறோம். அன்றைக்குச் சூரியகிரகணமா என்று யாரும் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதில்லை.

மேகத்தின்மேல் வருவதும் அப்படித்தான். “இதோ, கர்த்தர் வேகமான மேகத்தின்மேல் ஏறி எகிப்துக்கு வருவார்” (ஏசாயா 19:1). எகிப்தில் யாரும் அண்ணாந்து பார்த்து மேகத்தில் கர்த்தரைக் காணவில்லை, நியாயத்தீர்ப்பைக் கண்டார்கள். இயேசு எடுத்தாளுகிற தானியேல் 7:13-ல் மனுஷகுமாரன் மேகங்களோடு எங்கே வருகிறார் என்று கவனியுங்கள். “நீண்ட ஆயுசுள்ளவரிடத்தில்” வருகிறார். பூமிக்கு இறங்குவதாக அங்கே இல்லை. சிங்காசனத்தண்டை போய் ராஜரிகத்தைப் பெற்றுக்கொள்கிறார். பிரதான ஆசாரியன் முன்பு நின்றபோதும், நீங்கள் “இதுமுதல்” காண்பீர்கள் என்றுதான் ஆண்டவர் சொன்னார் (மத்தேயு 26:64).

இதோடு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். தூதர்கள் எக்காள சத்தத்தோடு நான்கு திசைகளிலிருந்தும் தெரிந்துகொள்ளப்பட்டவர்களைக் கூட்டுகிற 31-ம் வசனம், எருசலேமின் வீழ்ச்சிக்குள் முழுசாக அடங்க மறுக்கிறது. அதைச் சுவிசேஷம் உலகெங்கும் போனதோடு சேர்த்து விளக்குகிறவர்கள் உண்டு. கடைசி வருகைக்கே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது பக்கம் கொஞ்சம் சாய்கிறேன்.

ஆனால் 36-ம் வசனத்தில் பேச்சு திரும்புகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதுவரை ‘இவை, இவை’ என்று வந்தது, அங்கே “அந்த நாள்” ஆகிவிடுகிறது. முன்பகுதியில் யுத்தம், பஞ்சம், ஓட்டம். பின்பகுதியில் நோவாவின் காலத்தைப்போல ஜனங்கள் புசிக்கிறார்கள், குடிக்கிறார்கள், பெண் கொண்டு பெண் கொடுக்கிறார்கள், வயலில் வேலை, வீட்டில் மாவரைப்பு. முற்றுகைக்குள் பட்டினி கிடக்கிற ஊரில் யார் கல்யாணம் பேசிக்கொண்டிருப்பார்கள்? முன்னதற்கு அடையாளம் உண்டு, பார்த்ததும் ஓடலாம். பின்னதற்கு அடையாளமே கிடையாது, எப்போதும் விழித்திருக்க மட்டும்தான் முடியும். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் முக்கால்வாசிச் சிக்கல்.

கேள்வி: ‘ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது’ என்றாரே, எருசலேமில் மேற்கு மதில் இன்றும் நிற்கிறதே?

நிற்கிறது. அதில் 13 மீட்டருக்கு மேல் நீளமுள்ள கல்கூட ஒன்று இருக்கிறது. ஆனால் அது ஆலயத்தின் சுவர் அல்ல. ஆலயம் நின்ற மேடையைத் தாங்குவதற்காக ஏரோது எழுப்பிய மதில். சீஷர்கள் காட்டிய கட்டடங்கள் மேடைக்கு மேலே இருந்தவை. அவற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. அந்த மதிலின் தென்மேற்கு மூலையில் தோண்டியபோது, மேலிருந்து தள்ளிவிடப்பட்ட பெரிய பெரிய கற்கள் முதல் நூற்றாண்டுத் தெருவின் தளத்தை உடைத்துக்கொண்டு கிடந்தன. இன்றும் அங்கே போகிறவர்கள் பார்க்கலாம்.

கேள்வி (ஒரு சபை மூப்பர்): “பாழாக்குகிற அருவருப்பு” (மத்தேயு 24:15) என்பது இனிமேல் வரப்போகிற அந்திக்கிறிஸ்துதானே? நீங்கள் எல்லாவற்றையும் பழைய கதையாக்கிவிடுவீர்கள் போலிருக்கிறது.

பழைய கதையாக்கியது நான் அல்ல ஐயா, தானியேல் புத்தகத்தை வாசித்த அன்றைய யூதர்கள். கி.மு. 167-ல் சீரியாவை ஆண்ட கிரேக்க ராஜா அந்தியோகஸ் எப்பிபானஸ் எருசலேம் ஆலயத்தின் பலிபீடத்தின்மேல் புறஜாதிப் பீடத்தை வைத்தபோது, ‘அந்த அருவருப்பு இதுதான்’ என்று அவர்கள் எழுதிவைத்தார்கள் (1 மக்கபேயர் 1:54). அதற்குப் பிறகு சுமார் இருநூறு வருஷம் கழித்து ஆண்டவர் அந்தச் சொல்லை எடுத்து, இன்னொரு தடவை நடக்கும் என்கிறார்.

நடக்க இருந்தது. கி.பி. 40-ல் ரோமப் பேரரசன் கலிகுலா தன் சிலையை எருசலேம் ஆலயத்துக்குள் நிறுத்தச் சொன்னான். சீரியாவின் ஆளுநராயிருந்த பெத்ரோனியஸ் படையோடு புறப்பட்டும்விட்டார். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்து, விதைக்கிற காலத்தில் வயலைக்கூடப் போட்டுவிட்டு, ‘எங்களைக் கொன்றுவிட்டுச் சிலையை வை’ என்று கழுத்தை நீட்டினார்கள். மனுஷன் இளகிப்போய்க் காலத்தைக் கடத்தினார். கி.பி. 41 ஜனவரியில் கலிகுலா கொல்லப்பட்டான், சிலை வரவில்லை. அந்த மாதங்களில் எருசலேமிலிருந்த விசுவாசிகளுக்கு ஆண்டவருடைய வார்த்தை நினைவுக்கு வந்து வயிறு கலங்கியிருக்காதா?

‘வாசிக்கிறவன் சிந்திக்கக்கடவன்’ என்று மத்தேயுவும் மாற்கும் பூடகமாக விடுகிற இடத்தில், லூக்கா பட்டென்று உடைத்துவிடுகிறார்: “எருசலேம் சேனைகளால் சூழப்பட்டிருப்பதை நீங்கள் காணும்போது” (21:20). சுவிசேஷத்துக்குச் சுவிசேஷமே உரை எழுதித் தந்திருக்கும்போது நான் வேறு உரையைத் தேடிப்போவதில்லை. அந்திக்கிறிஸ்துவைப் பற்றிப் பேச 2 தெசலோனிக்கேயர் 2 இருக்கிறது. அங்கே பேசிக்கொள்வோம்.

கேள்வி: “இங்கே நிற்கிறவர்களில் சிலர் மனுஷகுமாரன் தம்முடைய ராஜ்யத்தில் வருவதைக் காணுமுன், மரணத்தை ருசிபார்ப்பதில்லை” (மத்தேயு 16:28). ஆறு நாளில் மலையின்மேல் மூன்று சீஷர் முன்பாக அவர் முகம் பிரகாசித்த மறுரூபத்தைத்தான் சொன்னார் என்று எங்கள் போதகர் சொல்கிறார். சரிதானா?

பாதி சரி. மூன்று சுவிசேஷங்களிலும் இந்த வார்த்தையின் தோளோடு தோளாக மறுரூப மலை நிற்கிறது, அது தற்செயல் அல்ல. பேதுருவும் தம் நிருபத்தில் ஆண்டவருடைய “வல்லமையையும் வருகையையும்” பற்றிப் பேசுகிறபோது அந்த மலையைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார் (2 பேதுரு 1:16-18).

ஆனால் ஒன்று இடிக்கிறது. அடுத்த வாரம் நடக்கப்போவதற்கு ‘உங்களில் சிலர் அதுவரை சாகமாட்டீர்கள்’ என்று யாராவது சொல்வார்களா? ‘சிலர்’ என்றாலே பலர் அதற்குள் போய்விடுவார்கள் என்றுதானே ஆகிறது. யூதாஸ் முதலில் போனான். யோவானின் சகோதரன் யாக்கோபை ஏரோது அகிரிப்பா பட்டயத்தால் கொன்றது ஏறக்குறைய கி.பி. 44-ல். பேதுரு நீரோவின் காலத்தில் ரோமில் மரித்தார் என்பது பழைய பாரம்பரியம். கி.பி. 70-ல் திரும்பிப் பார்த்தால் ‘சிலர்’ என்பது கனகச்சிதமாக இருக்கிறது. உயிர்த்தெழுந்தவர் “சகல அதிகாரமும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது” என்றது தானியேலின் மனுஷகுமாரன் ராஜரிகத்தைப் பெற்றுக்கொண்ட நாள். ஆலயம் விழுந்தது அந்தத் தீர்ப்பு ஊரறிய நிறைவேறிய நாள். மலையில் மூன்று பேர் கண்டது அதன் முன்காட்சி. மூன்றும் ஒரே சங்கிலி என்று எடுத்துக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. உங்கள் போதகரிடம் இதைக் கொண்டுபோய்ச் சண்டை போடாதீர்கள். அவர் முதல் கண்ணியைப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

கேள்வி: மத்தேயு 10:23-க்கு விளக்கம் தேவை. “மனுஷகுமாரன் வருவதற்குள்ளாக நீங்கள் இஸ்ரவேலருடைய பட்டணங்களையெல்லாம் சுற்றிமுடியாது.”

இதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. ஆல்பர்ட் ஷ்வைட்சர் 1906-ல் இந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான், சீஷர்கள் ஊர்களைச் சுற்றித் திரும்பிவருவதற்குள் முடிவு வந்துவிடும் என்று இயேசு எதிர்பார்த்தார், வரவில்லை, ஏமாந்தார் என்று வாதாடினார். ஆப்பிரிக்காவுக்கு மருத்துவராகப் போன அதே ஷ்வைட்சர்தான்.

அவர் வாதத்தில் ஓர் ஓட்டை. அந்த அதிகாரத்தையே பாருங்கள். 5, 6-ம் வசனங்களில் புறஜாதியாரிடம் போகவேண்டாம், இஸ்ரவேலிடம் மட்டும் போங்கள் என்கிறார். 18-ல் அதிபதிகளுக்கும் ராஜாக்களுக்கும் முன்பாக, புறஜாதியாருக்குச் சாட்சியாகக் கொண்டுபோகப்படுவீர்கள் என்கிறார். அந்த ஒரு சுற்றுப்பயணத்தில் எந்த ராஜா முன்னும் அவர்கள் நிறுத்தப்படவில்லை. பேச்சு அந்தப் பயணத்தைத் தாண்டிப் பின்வரும் வருஷங்களுக்கு நீண்டுவிட்டது. அங்கேயும் கட்டளை ஓடு என்பதுதான்: ஓர் ஊரில் துன்பப்படுத்தினால் மறு ஊருக்குப் போ. ஓட ஊர் இல்லாமல் போகுமோ என்று பயப்படாதே, ஊர்கள் தீருமுன் நியாயத்தீர்ப்பு வரும். இஸ்ரவேலின் பட்டணங்கள் ஒவ்வொன்றாக ரோமர் கையில் விழுந்த கி.பி. 67 முதல் 70 வரையிலான வருஷங்களை நினைத்துக்கொண்டு வாசித்தால் எனக்கு இது பொருந்துகிறது. வேறு விளக்கம் வைத்திருக்கிறவர்களோடு வாதாட மாட்டேன்.

கேள்வி: “குமாரனும் அறியார்” (மாற்கு 13:32). தேவகுமாரனுக்கே தெரியாது என்றால் அவர் எப்படி தேவன்?

குமாரன் பிதாவுக்குச் சமமானவர் அல்ல என்று சொல்லிவந்த ஆரியஸ் கூட்டத்தார் 4-ம் நூற்றாண்டில் கேட்ட கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். அவர்களை எதிர்த்து எழுதிய ஆயர் அத்தனாசியஸ் அன்றைக்கே சொன்ன பதில், அவர் மனுஷனாக அறியாதிருந்தார் என்பது. பசித்தவர், களைத்தவர், ஞானத்தில் வளர்ந்தவர் (லூக்கா 2:52) இதையும் அறியாமல் இருக்க ஒத்துக்கொண்டார். எனக்கு இந்த வசனம் இடறல் அல்ல, ஆறுதல். இயேசுவைப் பெரிதாக்கிக் காட்டக் கதை கட்டுகிறவன் எவனும் இப்படி ஒரு வரியை எழுதமாட்டான்.

கேள்வி (ஒரு குடும்பத் தலைவி): அத்திமரம் என்றால் இஸ்ரவேல், 1948-ல் துளிர்த்துவிட்டது, ஒரு சந்ததிக்குள் வருகை என்று கூட்டங்களில் சொல்கிறார்கள். என் கணவர் அதை நம்பி வேலையை விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார்.

வேலையை விடச் சொல்லாதீர்கள். இன்றைக்கே இதை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

லூக்கா 21:29-ல் ஆண்டவர் சொன்னது, “அத்திமரத்தையும் மற்றெல்லா மரங்களையும் பாருங்கள்.” அத்தி இஸ்ரவேல் என்றால் மற்றெல்லா மரங்களும் எந்தெந்தத் தேசம்? மரம் துளிர்த்தால் கோடை கிட்ட வந்துவிட்டது என்று தெரிகிறதல்லவா, அவ்வளவுதான் உவமை. இஸ்ரேல் நாடு பிறந்த 1948-ஓடு ஒரு சந்ததிக்கு 40 வருஷம் என்று கூட்டி 1988 என்றார்கள். 1988 போனது. எருசலேம் கைமாறிய 1967-லிருந்து எண்ணத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் தானியேலின் 2300 நாளைக் கணக்குப் போட்டதன் முடிவில் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் காத்திருந்தார்கள், பயிரை அறுக்காமல் வயலில் விட்டவர்களும் உண்டு. விடிந்தது, அழுதார்கள். அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார். அது தவறியதும் அக்டோபர் 21 என்றார்.

ஒரு கூட்டத்தில் பிரசங்கியார் கட்டியிருந்த துணிப்படம் ஒன்று எனக்கு மறக்கவில்லை. மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நீளம். ஆதாம் ஒரு முனையில், புதிய எருசலேம் மறுமுனையில், நடுவில் அம்புக்குறிகள். வருகைக்கு நேரே ஓர் ஆண்டு சிவப்பில் எழுதியிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். அந்த எண்ணுக்கு அடியில் வெள்ளைச் சாயம் திட்டாகத் தெரிந்தது, அதற்குள்ளே வேறோர் ஆண்டு மங்கலாக. அழித்து எழுதியிருக்கிறார்கள்! என் வகுப்புக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் அந்த மேடைப் பேச்சை நம்பி, மகளின் படிப்புக்குச் சேர்த்துவைத்த பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். குறித்த ஆண்டு வந்தது, போனது. பிரசங்கியார் படத்தைத் திருத்திக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போனார். இந்த மனுஷன்தான் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் நெடுநாள் எந்தச் சபைக்கும் போகாமல் இருந்தார். இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் வருவதற்கு அதுதான் காரணம்.

“அந்த நாளையும் அந்த நாழிகையையும்” யாரும் அறியான் என்றால், நாள்தான் தெரியாது, வருஷம் தெரியலாமே என்று சாமர்த்தியம் பேசுகிறவர்களுக்கு அப்போஸ்தலர் 1:7 இருக்கிறது: காலங்களையும் வேளைகளையும் அறிகிறது உங்களுக்கு அடுத்ததல்ல. உங்கள் கணவருக்கு 2 தெசலோனிக்கேயர் 3-ஐயும் காட்டுங்கள். வருகை வந்துவிட்டது என்று வேலையைப் போட்டுவிட்டு அலைந்தவர்களுக்குப் பவுல் அங்கே நேராகவே எழுதியிருக்கிறார்.

கேள்வி: ‘ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான், ஒருவன் கைவிடப்படுவான்’ என்பது இரகசிய வருகைதானே?

இதற்கு முந்தின வசனத்தில், நோவாவின் நாட்களில் வெள்ளம் வந்து வாரிக்கொண்டு போனது யாரை? அக்கிரமக்காரரை. மிஞ்சி நின்றது நோவா. அந்த ஒப்புமையோடு வாசித்தால், கொண்டுபோகப்படுவதா நல்லது, விடப்படுவதா நல்லது என்பதே கேள்வியாகிவிடுகிறது. விசுவாசிகள் யாரும் அறியாமல் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்கிற இரகசிய வருகைப் போதனை 1830-களில் ஜான் நெல்சன் டார்பியின் மூலம் பரவியது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுகிற 1 தெசலோனிக்கேயர் 4-ல் ஆரவாரம், பிரதான தூதனின் சத்தம், தேவ எக்காளம் மூன்றும் இருக்கின்றன. இவ்வளவு சத்தத்தோடு நடப்பதை இரகசியம் என்று எப்படிச் சொல்வது?

கேள்வி: “பிணம் எங்கேயோ அங்கே கழுகுகள் வந்து கூடும்.” பிணம் யார்? கழுகு யார்?

இரண்டுக்கும் பேர் வைக்க வேண்டாம். ரோமப் படையின் கொடிக்கம்பத்தில் கழுகு இருந்தது உண்மை, பலர் அதைக் காட்டுவார்கள். முந்தின வசனத்தில் மின்னல் இருக்கிறது. மின்னலையும், வானத்தில் வட்டமிடும் கழுகையும் யாரும் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை, தானாகத் தெரியும். ‘அறைவீட்டில் வந்திருக்கிறார், வா’ என்று கூப்பிடுகிறவனை நம்பாதே என்பதற்குத்தான் இந்த வசனம்.

கேள்வி (வயதான வாசகர்): எண்பதைத் தாண்டிவிட்டேன். சிறுவயது முதல் ‘சீக்கிரம் வருகிறார்’ என்றே கேட்டு வருகிறேன். இந்தச் ‘சீக்கிரம்’ எப்போதுதான்?

உங்கள் கேள்வியை முதல் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டார்கள் ஐயா. 2 பேதுரு 3-ல் பரியாசக்காரர் கேட்பது இதுதான். உங்களைப்போலப் பொறுமையாகக் கேட்கவில்லை, அவ்வளவே. ஒரு நாள் ஆயிரம் வருஷம்போல என்ற பதிலை நீங்கள் ஆயிரம் தடவை கேட்டிருப்பீர்கள், நான் திருப்பிச் சொல்லவில்லை.

5-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எசிக்கியுஸ் என்ற ஆயர், அடையாளங்கள் எல்லாம் நிறைவேறிவிட்டன, முடிவு கிட்ட வந்துவிட்டது என்று வட ஆப்பிரிக்காவில் ஆயராயிருந்த அகுஸ்தீனுக்கு எழுதினார். அகுஸ்தீன் நீளமாகப் பதில் எழுதினார். எஜமானுக்காகக் காத்திருக்கிற மூன்று ஊழியரைச் சொல்கிறார். ஒருவன் ‘சீக்கிரம் வருவார்’ என்கிறான். இன்னொருவன் ‘தாமதமாக வருவார்’ என்கிறான். மூன்றாமவன் ‘எப்போது என்று தெரியாது’ என்கிறான். மூவருமே எஜமானை நேசிக்கிறார்கள், மூவரும் விழித்திருக்கிறார்கள். சீக்கிரம் என்றவன் சொன்னது தவறினால் கேட்டவர்கள் விசுவாசத்தில் தடுமாறுவார்கள். தெரியாது என்றவன் சொல்லில் தவறுவதற்கு ஒன்றுமில்லை. முதலாமவன் சொன்னபடி நடக்க வேண்டும் என்று இவன் ஆசைப்படுகிறான், இரண்டாமவன் சொன்னபடி நடந்தாலும் தாங்கிக்கொள்கிறான். நான் மூன்றாமவன் கட்சி. நீங்களும் இத்தனை வருஷமாக அந்தக் கட்சியில்தான் இருந்திருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தின் எழுத்தே சொல்கிறது.

கேள்வி: எங்கள் வாலிபர் கூட்டத்தில் மத்தேயு 24 படிக்கப்போகிறோம். எங்கிருந்து தொடங்கலாம்?

24-லிருந்து தொடங்காதீர்கள். முதல் வாரம் ஏசாயா 13, 19. அடுத்த வாரம் தானியேல் 7. அந்த நடை காதுக்குப் பழகட்டும். பிறகு லூக்கா 21-ஐ முழுசாக, சத்தமாக, யாராவது ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேளுங்கள். அதற்கப்புறம் மத்தேயு 23:37-ல் எருசலேமுக்காக ஆண்டவர் புலம்புகிற இடத்தில் ஆரம்பித்து, நிறுத்தாமல் 25-ம் அதிகாரம் முடியும்வரை போங்கள். அதிகாரப் பிரிவு பிற்காலத்தில் போட்டது, அதற்காக நிற்க வேண்டியதில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தை யாராவது நடுவில் இழுத்தால், அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.